கூரையில் ஒரு முகம் காலி

"யாரோட முகத்தை வேணும்னாலும் வை, தாயே! ஆனா அது யாரோட முகமாவும் இருக்கக் கூடாது!"

பளிங்குத் தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து கத்தினார் ஸவேலி குஸ்மிச். மாஸ்கோவின் அந்தச் சுரங்க ரயில் நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. மேலே, சாரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு வண்ணக்கல் சில்லுகளைப் பதித்துக்கொண்டிருந்தாள் அக்லாயா.

வளைந்த கூரை முழுக்க அறுவடைத் திருவிழா ஓவியம். கோதுமைக் கட்டுகள், டிராக்டர், கொடிகள், நடுவில் மந்திரி. போன மாதம் அவர் மந்திரியாக இல்லாமல் போனார்; அப்புறம் எங்குமே இல்லாமல் போனார். மார்பில் பதக்கங்கள் அப்படியே இருக்க, கழுத்துக்கு மேல் இப்போது வெறும் காரை.

சனிக்கிழமை கட்சிக் குழுத் தலைவர் பார்வையிட வருகிறார். முகம் அவருக்குச் சரிப்படாவிட்டால், ஸவேலி அனுப்பப்படும் ஊருக்கு மெட்ரோ எல்லாம் கிடையாது.

"பக்கத்துக் கொடியை இழுத்து முகத்தை மூடிடட்டுமா?"

"காத்து மேற்கிலேர்ந்து அடிக்குதான்னு எவனாவது மேலிடத்துக்கு எழுதிப் போடுவான்!"

"திரும்பி நிக்க வைக்கவா?"

"யாருக்கு முதுகைக் காட்டுறான்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாம்மா!"

அக்லாயா சாரத்தின் விளிம்பில் தலையை நீட்டி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, தள்ளி நில்லுங்க. கண்ணுல தூசி விழும்."

வெள்ளிக்கிழமை முகம் முடிந்தது. ஸவேலிக்கு மூச்சு திரும்பியது.

"அடடா! உப்பிப்போன ரொட்டிக்குக் கண்ணு வச்ச மாதிரி... எத்தனை தடவை பாத்தாலும் யாருடா இவன்னுதான் கேக்கத் தோணும். தங்கமான மூஞ்சிம்மா!"

அக்லாயா கையில் ஒட்டிய காரையைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

மறுநாள் தலைவர் மயிர்த்தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு இது?"

"யாருமில்ல, தோழர். சும்மா ஒரு..."

"மறைக்காதீங்க! என்னைக் கேக்காம என் முகத்தை வைக்கச் சொன்னது யாரு?"

ஸவேலிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் தலைவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாக்கு உடனே பிரிந்தது.

"கேட்டா வேண்டாம்னுடுவீங்க, தோழர். உங்க அடக்கம் ஊருக்கே தெரிஞ்சதாச்சே!"

தலைவர் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

பனி உருகி வசந்தம் வந்தது. மே தின மேடையில் தலைவரைக் காணோம். அடுத்த நாள் காலை மறுபடி சாரம் எழும்பியது.

"கொத்தும்மா! அந்தத் துரோகி மூஞ்சி ஒரு சில்லு மிச்சமிருக்கக் கூடாது. முதல்ல மூக்கு!"

உளிச் சத்தம் கேட்டது.

"அவன் போட்டோவை வச்சுத்தானே செஞ்சே? அதையும் அடுப்புல போட்டுடு."

"போட்டோவா? அவரை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்லையே."

"பின்னே யாரைப் பாத்து வச்சே?"

"தினம் கீழே நின்னு கத்துவீங்களே... உங்களைத்தான்" என்றாள் அக்லாயா.

மூக்கு மொத்தமாகப் பெயர்ந்து அவர் காலடியில் வந்து விழுந்தது.