துபாய்க்கு மூன்று டிக்கெட்

ஏப்ரல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு துபாய் என்று முடிவானதுமே தணிகாசலம் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி பீரோவுக்குள் ஒளித்து வைத்தார். பாலைவனத்தில் அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும்.

திட்டம் போடுவது ஹாலில் இருக்கும் பேசும் கணினிப் பெட்டியின் பொறுப்பு. யார் எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதுவே டிக்கெட் போட்டுவிடும்.

வந்ததோ மூன்று டிக்கெட். மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு.

"ஒரு பேர் விட்டுப்போச்சு போல," என்றார்.

"விடவில்லை ஐயா," என்றது பெட்டி. "'எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க சந்தோஷமா இருந்தா போதும்' என்று தினமும் சொல்கிறீர்களே."

மனைவி வசுமதி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்பவாவது வாயத் திறந்து நானும் வரேன்னு சொல்லுங்க. சேத்துக்கும்."

"அப்பா வந்தா ஒட்டகத்துகிட்டயும் பேரம் பேசுவாரு," என்றாள் மகள்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழகிய வாய்.

"எனக்கென்னம்மா, நீங்க போயிட்டு வாங்க."

"பதிவு செய்துவிட்டேன். இனி மாற்ற முடியாது," என்றது பெட்டி.

அன்று மாலை முழுவதும் வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, அவர் நினைத்தபடியே, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.