துப்பறிவாளரின் நாய்

“பெத்த புள்ளகூட அந்த நாய் மாதிரி ஓடி வராது,” என்றாள் முன்வரிசையில் இருந்த நர்ஸ்.

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நாய் பழக்குகிறவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரைக்கும் முன்வரிசைக்கும் நாலடிதான். ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழுந்தது.

ஒரு துப்பறியும் தொடரின் ரசிகர்கள் கூடியிருந்த கூட்டம் அது. ஆறு வருடம் தொலைக்காட்சியில் ஓடி, போன மழைக்காலத்தில் முடிந்த தொடர். துப்பறிவாளராக வந்த நடிகரும், அவர் காலைச் சுற்றியே மோப்பம் பிடித்துத் திரிந்த நாயும் மேடையில் சந்திக்கிறார்கள் என்று வாசலில் பெரிய தட்டி வைத்திருந்தார்கள். நாய்க்கு ரசிகர்கள் வைத்த பெயர் உதவி ஆய்வாளர். அவள் வீட்டில் அவன் தடியன்.

கூட வந்திருந்த நர்ஸின் அண்ணி அதோடு விடவில்லை. பூட்டிய ஆலைக்குள் துப்பறிவாளர் சோர்ந்து உட்கார, நாய் வந்து கழுத்தில் தலையைச் சாய்க்குமே, அந்தக் காட்சியைப் பதினோரு தடவை பார்த்து, பதினோரு தடவையும் அழுதாளாம். வாயில்லா ஜீவனுக்கு ஆளைத் தெரியும், அந்த மனுஷனுக்குத் தங்கமான மனசு என்றாள். பக்கத்து நாற்காலித் தையல்காரரைப் பார்த்து, நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன், ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தால் எப்படி என்று இடித்தாள். அவர் சிரித்ததோடு சரி.

தங்கமாம்.

நாய் பழக்குகிறவள் பல்லைக் கடித்தாள். அந்தக் கழுத்தில், காலருக்குள் விரலை விட்டு ஈரல் விழுதைத் தடவியது யார்? தலை சாய்ந்தது பாசத்திலா, பசியிலா?

ஷாட் முடிந்த மறுநொடி அந்தத் தங்க மனசு கையை நீட்டும். உதவியாளர் ஈரத்துணி கொடுப்பார். கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே, இந்த நாற்றத்தை முதலில் கொண்டுபோங்கள் என்பார். நாற்றம் என்றது ஈரலையா தடியனையா என்று நடிகர் ஒருநாளும் பிரித்துச் சொன்னதில்லை.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். தொழில் என்றால் நாலும் இருக்கும்.

பொறுக்க முடியாமல் போனது வேறு. தடியனுக்கு உடம்புக்கு வந்து நாலு நாள் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தபோது, மூன்று முறை நடிகருக்குப் போன் போட்டாள். ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். மூன்று முறையும் எடுத்தது உதவியாளர். சார் வெளியூரில் என்றார். சார் தூங்குகிறார் என்றார். மூன்றாம் முறை, எந்த நாய் என்று கேட்டார்.

அதனால் இன்று ஒரு முடிவோடு வந்திருந்தாள். அவர் வாயிலிருந்து தடியனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வரவேண்டும். வந்துவிட்டால் எல்லாக் கோபத்தையும் விழுங்கிவிட்டு, அவருடைய அடுத்த தொடரிலும் இந்தத் தொடரை எடுத்த கம்பெனிக்கே கயிறு பிடிப்பாள். வராவிட்டால் இந்த வேலைக்கு இன்றோடு தலைமுழுக்கு. இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலை, இதை விட்டால் வேறு தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும்.

மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். நடிகர் அந்தப் பழைய சாம்பல் நிறக் கோட்டில் மேடைக்கு வந்தார். காலருக்குள் தடவ வேண்டியதைத் தடவி, கோட்டை அவள் முன்பே உதவியாளரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

நாய் அம்பு மாதிரி ஓடியது. அவர் மண்டியிட்டுக் கையை விரிக்க, காலருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது. அண்ணி பன்னிரண்டாவது தடவையாக அழுதாள்.

“பாத்தீங்களா?” என்றார் நடிகர் மைக்கில். “இத்தனை நாள் கழிச்சும் பய என்னை மறக்கல.”

கையசைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்தார். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினார். மறுகை ஈரத்துணிக்கு நீண்டது.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவளிடம் கேட்டார்.

காது மடல்வரை கொதித்தது அவளுக்கு. பதில் சொல்லாமல் கயிற்றை மாட்டி, பின்வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். அவர் மேல் மட்டுமா? கைதட்டிய அத்தனை பேர் மேலும் ஆத்திரம். ஆறு வருடம் எதைத்தான் பார்த்தார்களோ.

பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் அந்தத் தையல்காரர். நாயோடு படம் எடுக்க அடுத்த ஆள் வந்தாயிற்று என்று நினைத்து, முடியாது, வழியை விடுங்கள் என்று எரிந்து விழுந்தாள்.

அவர் போனை எடுக்கவில்லை. நாய்க்கு முன்னால் மெதுவாகக் குந்தினார். கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார். வெட்டுவதற்கு முன் துணியை விரித்துப் பார்க்கிற பார்வை.

“இது அவன் இல்லையேம்மா,” என்றார். “இவனுக்குத் தோள் ஒரு விரக்கடை அகலம் கூட.”

தையல்காரர் சொன்னது சரிதான். அதே நிறத்தில், அதே ஜாடையில் இன்னொன்றைத் தேடிப்பிடித்தது கம்பெனி. நடிகரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னவள், வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள். ஆறு வருடம் கழுத்தில் சாய்ந்து கிடந்தவனை அவருக்கேவா தெரியாது, பார்த்துவிடலாம் என்றுதான்.

அவன் போய் அஞ்சு வாரம் ஆச்சு என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

தையல்காரர் எழுந்திருக்கவில்லை. புது நாயின் தலையில் கையை வைத்தார்.

“கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானா?” என்று கேட்டார்.