கொட்டாவி விடாத வாத்தியார்

"சார், சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன். அடுத்த வருஷத்துல இருந்து நீங்க வர வேண்டாம்."

நிற்க வைத்தே பேசி அனுப்பும் தலைமையாசிரியை இன்று நாற்காலியைக் காட்டியபோதே விஷயம் பெரிது என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு பெரிது என்பது இப்போது தெரிந்தது.

"என்ன காரணம் மேடம்?"

"இதுதான்." கையிலிருந்த டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினார்.

பள்ளிக்கூடம் வருஷ ஆரம்பத்தில் வாங்கிய 'சந்தேகம் தீர்க்கும் மிஷின்' அனுப்பிய பதில்கள் அதில் தெரிந்தன. மாலை ஏழு மணி முதல் ராத்திரி பன்னிரண்டு வரை பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே போனில் கேட்கலாம், உடனே பதில் வரும். எவ்வளவு கேட்டாலும் சலித்துக்கொள்ளாததால் பிள்ளைகள் அதற்குப் பெரியப்பா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"ஆறு மாசத்துல நாலாயிரம் சந்தேகம் தீர்த்து வச்சிருக்கு. உங்க வகுப்புல எத்தனை பேர் கை தூக்கறாங்க?"

"யாரும் தூக்கறதில்ல மேடம்."

உண்மைதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட பொய்களிலேயே பெரிய பொய் அது. பக்கத்து பெஞ்சு சிரித்துவிடுமோ என்கிற பயத்தில் எந்தக் கையும் மேலே வராது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

"இதைப் படிங்க. ஏழாம் வகுப்புப் பொண்ணு. முக்கால்ல பாதி எவ்வளவுன்னு கேட்டிருக்கா. மூணு தடவை சொல்லியும் ஏறல. நாலாவது தடவை, வீட்ல இருக்கிற சோப்புக்கட்டியை நூலால அறுக்கச் சொல்லிப் புரிய வச்சிருக்கு. இந்தப் பொறுமை உங்களுக்கு வருமா?"

"வகுப்புல வராது மேடம்."

"அதோட, நீங்க வகுப்புல கொட்டாவி விடறீங்கன்னு பெற்றோர் புகார் வேற. பெரியப்பா கொட்டாவி விடுதா?"

வாத்தியார் அப்போது வந்த ஒன்றை விழுங்கினார்.

"கொஞ்ச நாளா தூக்கம் கம்மி மேடம்."

"அது உங்க சொந்த விஷயம் சார்."

"பொண்ணை இப்பதான் காலேஜ்ல சேர்த்திருக்கேன். இந்த வயசுல எனக்கு வேற எங்க வேலை குடுப்பாங்க? கொஞ்சம் மனசு வைக்கணும்."

"எனக்கு மட்டும் ஆசையா? கமிட்டி முடிவு. ஆளே இல்லாம கணக்குப் பாடம் ஓடும்னு பெரியப்பா நிரூபிச்சுடுச்சு. நான் என்ன பண்ண?"

"பெரியப்பா விஷயமா ஒண்ணு சொல்லணும் மேடம். அது வந்து..."

"அதைப் பத்தி இனிமே நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டாம். இன்னியிலேர்ந்து என் பொறுப்பு. பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு? எழுதி வச்சுட்டுப் போங்க." அவர் அடுத்த ஃபைலைப் பிரித்துவிட்டார்.

வாத்தியார் ஒரு தாளில் பாஸ்வேர்டை எழுதி, கரும்பலகைப் பழக்கத்தில் அடியில் இரண்டு கோடும் போட்டு, மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மேடம் மேல் கோபம்கூட வரவில்லை. பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. நாளைக்கு இயற்கணிதப் பரீட்சை, இன்றைக்குக் கூட்டம் அள்ளும்.

வாங்கிய மூன்றாவது வாரமே மிஷின் படுத்துவிட்டது, விற்ற கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டது. அன்று முதல் தினமும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பெரியப்பாவாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தது இந்த வாத்தியார்தான் என்பது, இன்று மாலை ஏழு மணிக்கு முதல் சந்தேகம் வந்து விழும்போது மேடத்துக்குத் தானாகவே புரிந்துவிடும்.