ராணியைத் தூக்கிக் கொடுத்தவர்

“அய்யய்யோ, ராணி போச்சு!”

வாய்விட்டே சொல்லிவிட்டாள் அவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறவள். மருத்துவமனை கேன்டீனில் பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனில் ஆடுவது கண்ணில் படாமல் இருக்குமா?

அவர் சிரித்தார். “போகட்டும்மா. அவன் ராஜாவை எப்படித் துரத்துறேன் பாருங்க.”

குதிரை போனது. யானையும் போனது. கடைசியில் ஆட்டமே போனது.

“செம ஆட்டம்!” என்று தொடையைத் தட்டிக்கொண்டு, முகம் தெரியாத இன்னொரு ஆளோடு அடுத்ததைத் தொடங்கினார். மூன்றாவது நகர்த்தலிலேயே மந்திரி காவு.

“கொஞ்சம் யோசிச்சு ஆடக் கூடாதா சார்?”

“யோசிச்சா இதுல என்னம்மா ருசி?”

அப்போது நர்ஸ் ஒருத்தி வந்து நின்றாள். “டாக்டர், அந்த முதுகுத்தண்டு கட்டி ஆபரேஷன்... பெரியவர் ரெடி.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெரியவர் அவள் அப்பா!

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் லீவு, வேறொருத்தர் செய்வார் என்று நேற்று சொன்னார்கள். அது இவரா?

தலைமை டாக்டரின் அறைக்கு ஓடினாள்.

“சார், ஆளை மாத்துங்க! அந்த மனுஷன் கையில எங்கப்பாவா?”

“ஏம்மா, என்ன பண்ணினார்?”

“விளையாட்டுலகூட நிதானம் இல்லாதவர் சார்!”

“அப்பாவை உள்ளே கொண்டு போயாச்சேம்மா.”

ஐந்து மணி நேரமாகும் என்று சொன்ன ஆபரேஷன். மூன்று மணி நேரத்திலேயே கதவு திறந்தது. வெளியே வந்தவரை அவள் வழிமறித்தாள்.

“பாதியிலேயே நிறுத்திட்டேன்மா.”

“என்ன சார் சொல்றீங்க!”

“பதறாதீங்க. முக்கால்வாசி எடுத்தாச்சு. மிச்சம் நரம்போட ஒட்டிக் கிடக்கு. அதுல கத்தி பட்டா அப்பா அப்புறம் நடக்கவே மாட்டார். அதைக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்துக்கலாம். இப்பதான் கண் முழிச்சார், ரெண்டு காலையும் நல்லா ஆட்டினார்.”

 அவள் கைகூப்பினாள்.

“சார்... நீங்க வேண்டாம்னு மேலிடத்துல போய்ச் சொல்லிட்டேன்.”

“சொன்னாங்க.” அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “முழுசா வெட்டியெடுத்துப் பேர் வாங்கிடணும்னு எனக்கும் கை துடிக்கும்மா. அந்தத் துடிப்பையெல்லாம் வெளியிலேயே தோத்துத் தீர்த்துட்டுத்தான் கத்தியைத் தொடுவேன்.”