இன்னும் ஒரு ஷிஃப்ட்

வார்டு ஜன்னலில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நேற்றுக் காலை வேலைக்கு வந்த நர்ஸ் இன்னும் வீடு திரும்பவில்லை. மாற்று ஆள் வரவில்லை. கட்டிலில் லாரி டிரைவர் சட்டைக்கையைச் சுருட்டிக் காத்திருக்கிறார். இன்சுலின் ஊசியை அவள் கண்ணருகே பிடித்துப் பார்க்கிறாள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. "இந்த ஒரு ஷிஃப்ட் மட்டும் சமாளிச்சுக்கோம்மா" என்கிறார் பின்னால் வந்து நிற்கும் மேட்ரன். "இதையேதான் நேத்தும் சொன்னீங்க." ஊசியை அவரிடமே நீட்டுகிறாள். "எனக்குக் கோடு தெரியல, மேடம். நீங்களே போடுங்க." மேட்ரன் சலித்துக்கொண்டே வாங்கி, கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தில் பார்க்கிறார். மருந்து இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. அத்தனையையும் வாஷ்பேசினில் பீய்ச்சுகிறார். டிரைவர் சட்டைக்கையை மெல்ல இறக்கிவிடுகிறார். "ஊசியை நீங்க போடுங்க மேடம். ஆனா மொதல்ல அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டு வாங்க."