தொட்டியின் வாய்

ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமெண்ட் ஆலையின் பயிற்சிக் கொட்டகையில், கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. நடுவில் மூடி திறந்து வைத்த பழைய இரும்புத் தொட்டி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேணிக்குத் தகுதி இருக்கிறதா என்று இன்று பார்க்கிறார்கள். மயங்கிக் கிடக்கும் தொழிலாளியாக நடிக்கத் தங்கசாமி உள்ளே படுத்திருக்கிறார். "மேடம், மெதுவா நடத்துங்க. உள்ள நல்லா தூக்கம் வருது." குரல் இரும்பில் அதிர்ந்து வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். கூட வேலை செய்பவராக நடிக்கும் கண்ணையன் ஓடிவந்து ஏணியில் கால் வைக்கிறார். வேணி இரு கைகளையும் விரித்து மறிக்கிறாள். "இறங்காதீங்க. உள்ள விஷக்காத்து. மீட்புக் குழு வந்துட்டிருக்கு." "உள்ள கெடக்கறது எம் மச்சாங்க." "யாரா இருந்தாலும் இறங்கக் கூடாதுங்க." "உங்க தம்பியா இருந்தா சும்மா நிப்பீங்களா?"

சிரிப்பு நின்றுவிடுகிறது. வேணியின் தம்பி தமிழரசன் இதே ஆலையில் தொட்டி கழுவும் ஒப்பந்த ஆள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கண்ணையன் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போகிறது. தொட்டியின் மூடி மெல்ல நடுங்கி அடங்குகிறது. தேர்வு நடத்துபவர் வேணியையே பார்க்கிறார். அவள் கைகள் விரித்தபடியே இருக்கின்றன.

"நிக்க மாட்டேங்க" என்கிறாள். "நானும் இறங்கத்தான் பாப்பேன். அப்ப நீங்க என்னை விடாம பிடிச்சுக்கங்க."