இடது பின் டயர்

"மறுபடியும் படுத்துடுச்சும்மா!"

வெளியிலிருந்து மகனின் குரல் கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "ஐயையோ, இன்னிக்குமா?" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்தாள்.

சிவப்பு கார் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. சாதாரணமாகவே தரையை நக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி. இப்போது இடது பின் டயர் சப்பையாகி, வண்டி காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் மகன். நாலு நாள் ஆகிவிட்டது. வண்டியோடு வந்த குட்டி பம்பை வைத்து ராத்திரி காற்று அடிப்பான். காலையில் பார்த்தால் தொப்பென்று கிடக்கும்.

"என்ன வண்டிடா இது?" என்றார் அவன் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "ஸ்டெப்னிய எடுத்து மாட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"இதுல ஸ்டெப்னியே கிடையாதுப்பா."

"டிக்கில பாரேன்."

"பின்னாடி திறந்தா என்ஜின்தான் இருக்கும்."

"நல்லாயிருக்கு போ. உக்கார ரெண்டு பேருக்குத்தான் இடம். தேய்மானம் மட்டும் லாரிக்குச் சமம்!"

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்ப்பா. வேகத்துல ரோட்டைக் கவ்விப் பிடிக்கணும்னு ரப்பரை மெத்துனு பண்ணியிருப்பான். சீக்கிரம் தேஞ்சுடும்."

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையே கண்ணா?" என்று கேட்டாள் அவள்.

"சொல்லிட்டேன்மா."

"உன் பொண்டாட்டிகிட்ட?"

"அவகிட்டயும் சொல்லிட்டேன்மா."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

திருட்டு மனுஷன்! மகன் கிளம்பிப் போகிற ஒவ்வொரு தடவையும், "போனா போறான், அவன் பொழப்பை அவன் பாக்க வேண்டாமா?" என்று அவளை அதட்டுகிற ஆள். ஆனால் நாலு நாளாக விடிகாலையில் அவருடைய செருப்பு ஷெட்டு வாசலில் கிடக்கிறது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எடுத்து வந்து இடத்தில் வைத்துவிடுவாள். வெளியே இரும்பு, உள்ளே இப்படியா என்று நினைக்கும்போது, கல்யாணமான புதிதில்கூட வராத ஒரு வாஞ்சை அவர் மேல் வந்தது.

அந்த நேரத்தில்தான், முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போன டயர் கடைக்காரரின் வேன் வந்து நின்றது. உள்ளே புதுசாக, கறுகறுவென்று ரெண்டு டயர்கள். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இவ்வளவு சீக்கிரமா வந்துடுச்சு?" என்றான் மகன். "வர ஒரு வாரம் ஆகும்னீங்களே?"

"உங்க அவசரம் எனக்குத் தெரியாதா தம்பி? ஆள் அனுப்பியில்ல எடுத்துட்டு வரச் சொன்னேன்!" கடைக்காரர் பழைய டயரைக் கழற்றி உருட்டிக் காட்டினார். "பாருங்க, பஞ்சர்னு ஒண்ணுமே இல்ல. அன்னிக்கே தண்ணியில முக்கிப் பாத்தேனே, ஒரு குமிழி வரல. ஆனா உள்பக்க ஓரம் கம்பி தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்கு. அதுலதான் எங்கயோ கசிஞ்சிருக்கணும். இனிமே கவலை இல்ல. வழியில எங்கயும் நிக்காம நேரா வீடு போய்ச் சேருவீங்க."

மகன் தலையாட்டினான். "அப்போ சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்மா."

சாப்பாட்டில் அவன் கை அளைந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று அவள் வைத்ததெல்லாம் அப்படியே தட்டில் இருந்தது. எழுந்து கை கழுவி, "பெட்டியை வண்டியில வெச்சுட்டு வரேன்" என்று வெளியே போனான்.

அவள் சமையலறையில் அவனுக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவின் மூடி பொருந்தவில்லை. அடுத்து எப்போது வருவானோ!

கணவர் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு, உன் மனசு எனக்குத் தெரியுது. இதுவரைக்கும் நானும் கண்டுக்காம விட்டேன். இன்னிக்காவது அவனைப் போக விடு."

"நான் எங்க பிடிச்சு வெச்சிருக்கேன்?"

"நடிக்காதே. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறவ நீதான். நானும் தினம் போய்ப் பாக்கறேன், தினம் காத்து இறங்கிக் கிடக்கு. புது டயர்லயும் கை வெச்சுடாதே. அவன் வேலைக்கு ஆபத்து."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"நானா? எனக்கு டயர்ல காத்து எங்க இருக்குன்னே தெரியாது. நீங்கதான் பண்றீங்கன்னு நான் வாயைத் திறக்காம இருந்தேன்."

"சத்தியமா நான் தொடவே இல்லடி."

"அப்போ..."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஷெட்டிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் மெல்லியதாக வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். புது டயரின் பக்கத்தில் மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பேனா முனையால் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியை வண்டியில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தான்.

"இவனுக்கு அங்க என்ன கஷ்டமோ..." என்று ஆரம்பித்தவர் கதவை நோக்கி நகர்ந்தார். அவர் கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"இப்பப் போகாதீங்க. காத்து முழுசா இறங்கட்டும்."